உப்பு உண்ணாத அரசியிடம் திரும்பிப் போவது

கேள்வி:

வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். வயது முப்பத்தாறு. ஏழு வருடங்களுக்கு முன் ஒரு ஃபேன்டஸி நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். உப்பளங்களை நம்பி வாழும் ஒரு நாடு. அங்கே ஒருவர் கையால் உப்புப் போட்ட சோற்றைத் தின்றவர், அப்புறம் அவரிடம் பொய் சொல்ல முடியாது, நாக்கு எழாது. அளத்துக்காரியின் மகள் அலரி தலைநகருக்குப் போய் அரண்மனைச் சமையற்கட்டில் சேர்கிறாள். அரசியோ உப்பையே தொடாதவள். பதினொரு அத்தியாயம் எழுதினேன். அரசிக்கு அலரி முதன்முதலாகப் பரிமாறப் போகும் இடத்தில் நின்றுவிட்டது. குழந்தை பிறந்தது. பிறகு அம்மாவுக்குப் பக்கவாதம். ரத்தக்கொதிப்பு இருந்ததால் நாலு வருடம் கிட்டத்தட்ட உப்பில்லாமல்தான் சமைத்தேன்; அம்மா தட்டைத் தள்ளிவிடுவார். போன வருடம் தவறிவிட்டார்.

இப்போது இரவில் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. எடுத்து வாசித்தால் வேறு யாரோ எழுதியதுபோல இருக்கிறது. அந்த நடை வர மாட்டேன் என்கிறது. வரைபடமும் குறிப்புகளும் பழைய லேப்டாப்போடு போய்விட்டன. பிரிண்ட் எடுத்த அத்தியாயங்கள் மட்டும் இருக்கின்றன. முதலிலிருந்து தொடங்குவதா, விட்ட இடத்திலிருந்தா? இந்த வயதில் மாயக் கதை எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். கல்லூரித் தோழி ஒருத்தி மட்டும் ‘அலரி என்ன ஆனாள்?’ என்று இன்னும் கேட்கிறாள். எழுதிய வரைக்கும் ஏதாவது பதிப்பகத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கலாமா? முதல் அத்தியாயத்திலிருந்தும் பதினோராவதிலிருந்தும் சில பக்கங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அம்மாவின் பிரிவுக்கு என் வருத்தங்கள். படுக்கையில் விழுந்தவரை நாலு வருடம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வது எப்படிப்பட்ட வேலை என்பது அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த வருடங்களை நாவலின் நஷ்டக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஏன் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

பிறர் எழுதிய நாவல்களைச் செம்மைப்படுத்துவது என் தொழில். பாதியில் நின்ற கைப்பிரதியோடு திரும்பி வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களில் ஃபேன்டஸி எழுதுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் சிரமம் உண்டு. குடும்ப நாவல் எழுதுகிறவர் பத்து வருடம் கழித்து வந்தாலும் அவர் கதை நடக்கும் தெரு இருக்கும், போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம். உங்கள் உப்பு நாடு உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அங்கே எந்த மாதம் எந்தக் காற்று அடிக்கும், தலைநகர் வாசல் எந்தத் திசை பார்த்திருந்தது என்று கேட்கக்கூட ஆளில்லை. இந்தப் பதற்றத்தில் பலர் முதல் காரியமாக வரைபடத்தைத் திரும்பப் போட உட்கார்ந்துவிடுகிறார்கள். பிறகு அரச வம்சாவளி, நாணயம், பஞ்சாங்கம். மாதக்கணக்கில் ஓடும். ஒரு காட்சிகூட எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் எழுதுகிறோம் என்ற திருப்தி மட்டும் தினமும் கிடைத்துக்கொண்டிருக்கும், ஆபத்து அதில்தான் இருக்கிறது. உங்கள் வரைபடம் லேப்டாப்போடு போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை.

நான் முதலில் கவனித்தது நீங்கள் நின்ற இடத்தை. குழந்தை பிறந்ததால் நின்றது என்கிறீர்கள். சரி. ஆனால் எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள். பதினொரு அத்தியாயமாக வாசகரை அந்தச் சாப்பாட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள். அலரி பரிமாறிவிட்டால் அரசி யார் என்பது தெரிந்தாக வேண்டும், அவள் ஏன் உப்பைத் தொடுவதில்லை என்று சொல்லியாக வேண்டும். அனுப்பிய பக்கங்களில் ஒரே காரணம்தான் தெரிகிறது. யார் உப்பையும் தின்னாமல் இருந்தால் யாரிடமும் பொய் சொல்லலாம், அதனால் உப்பை ஒதுக்கினாள். சூழ்ச்சிக்காரி, அவ்வளவுதான். அன்றைக்கு அந்தக் காரணம் போதும் என்று உங்களுக்குப் பட்டிருக்கலாம். உங்களுக்குள் இருக்கும் எழுத்தாளருக்குப் போதவில்லை என்று நினைக்கிறேன். குழந்தை பிறக்காமல் இருந்திருந்தாலும் பன்னிரண்டாம் அத்தியாய வாசலில் நீங்கள் கொஞ்ச காலம் நின்றுதான் இருப்பீர்கள்.

டோல்கீனுக்கும் இப்படி நடந்தது. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலை அவர் 1937 டிசம்பரில் தொடங்கினார். பயணக் கூட்டம் மோரியா சுரங்கத்துக்குள் போய், பாலின் என்ற குள்ளர் தலைவனின் கல்லறைக்கு முன் நிற்கிற இடத்தில் எழுத்து நின்றுபோயிற்று. கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்துத்தான் அங்கிருந்து நகர்ந்தேன் என்று முன்னுரையில் அவரே சொல்கிறார். உலக யுத்தம், பல்கலைக்கழக வேலை எல்லாம் இருந்தன. கூடவே, அடுத்து வருவது என்ன என்பதும் அவருக்குத் தெளிவாகத் தெரியாது. விடுதி மூலையில் ஸ்ட்ரைடர் என்ற பாத்திரம் வந்து உட்கார்ந்திருந்தபோது அவன் யாரென்று கதைநாயகனைப் போலவே தனக்கும் தெரியாது என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆரம்ப வரைவுகளில் அந்த ஆள் மரச்செருப்புப் போட்ட ஒரு ஹாபிட், அதாவது டோல்கீன் படைத்த குட்டை மனித இனத்தவன். அரச வாரிசாக ஆனதெல்லாம் பிற்பாடு. 1941 கடைசியில் அவர் மேலே எழுதிக்கொண்டு போனார். நின்ற வேளையில் தெரியாதிருந்தவை போகப்போகத் தெரியவந்தன.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதைத்தான்: அரசியைப் பற்றி அன்றைக்குத் தெரியாத ஏதாவது இன்றைக்கு உங்களுக்குத் தெரியுமா?

தெரியும் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. நாலு வருடம் உப்பில்லாமல் சமைத்ததைப் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உப்பு உண்ணாத ஒருத்தியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர், எழுத்தை விட்டுவிட்டு, உப்பு உண்ணக் கூடாத ஒருவருக்கு நாலு வருடம் சோறு ஊட்டியிருக்கிறீர்கள். பருப்பு கொதிக்கும்போது கை தானாக உப்பு ஜாடிக்குப் போய்த் திரும்பியிருக்கும். எலுமிச்சையைப் பிழிந்து, மிளகைக் கூட்டிப் போட்டுச் சமாளிக்கப் பார்த்திருப்பீர்கள். தட்டைத் தள்ளுகிற கை கோபத்தில் தள்ளுகிறதா, இயலாமையில் தள்ளுகிறதா என்று உங்களுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியும். அம்மா ‘உப்பே போடலியா?’ என்று கேட்டபோது ‘போட்டிருக்கேம்மா’ என்று என்றைக்காவது சொல்லியிருந்தீர்கள் என்றால், உங்கள் கதையின் விதியை அதன் மறுபக்கத்திலிருந்து நீங்கள் தொட்டுவிட்டீர்கள். உப்பு பொய்யைத் தடுக்கும் ஒரு நாட்டில், பாசத்தினால் சொல்லும் பொய்க்கு என்ன இடம்? இந்தக் கேள்வி நீங்கள் அனுப்பிய பக்கங்களில் எங்கும் இல்லை. இதை ஒரு சூழ்ச்சிக்கார அரசியால் தாங்க முடியாது. இதைத் தாங்கும் அரசி வேறொருத்தி. அவள் யாரென்று நான் சொல்லக் கூடாது, நீங்கள்தான் எழுதிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அரசியை அம்மாவாக ஆக்கிவிடுங்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அப்படிச் செய்தால் கதையும் கெடும், உங்களுக்கும் வலிக்கும். இன்னும் ஒரு வருடம் அந்தப் பக்கமே போக முடியாது என்று தோன்றினால் போகாதீர்கள். ஆனால் அந்த நடை ஏன் வர மாட்டேன் என்கிறது என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. அது இனி வராது, வரவும் வேண்டாம்.

உர்சுலா லெ குவின் செய்ததைப் பாருங்கள். எர்த்சீ என்ற தீவுக்கூட்ட உலகத்தை வைத்து 1968 முதல் 1972 வரை மூன்று நாவல்கள் எழுதினார். நான்காவதான ‘டெஹானு’ 1990இல்தான் வந்தது. நடுவில் பதினெட்டு வருடம். முதல் மூன்றில் மந்திரக் கல்வி ஆண்களின் சொத்து. கடல் கடந்த பயணங்கள், டிராகன்கள், பெரிய ஆபத்துகள். நான்காவதில் கதை ஒரு பண்ணை வீட்டுக்குள் வந்துவிடுகிறது. இரண்டாம் நாவலில் சிறுவயதுப் பூசாரியாக வந்த டெனார் இப்போது நடுவயது விதவை. தீயில் வெந்துபோன ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். உலகத்தையே காப்பாற்றிய மந்திரவாதி கெட் தன் சக்தி மொத்தத்தையும் இழந்து அங்கே வந்து சேர்கிறான், பிறகு ஆடு மேய்க்கப் போகிறான். பழைய நாவல்களை நேசித்தவர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கோ அந்த வரிசையில் மிகவும் பிடித்தது அதுதான். லெ குவின் முப்பத்தெட்டு வயதுக் குரலை அறுபது வயதில் தேடிப் போகவில்லை. அதே தீவில் நின்று, முன்பு தான் பார்க்காமல் விட்ட பக்கத்தைப் பார்த்தார். ‘எர்த்சீயின் கடைசி நூல்’ என்று அதற்குத் துணைத்தலைப்பும் கொடுத்தார். ஆனாலும் 2001இல் அந்த உலகத்தின் மேலும் இரண்டு நூல்கள் வந்தன.

இனி உங்கள் பக்கங்களுக்கு வருகிறேன். பதினோராம் அத்தியாயத்தில் ஒரு வரி: “வெண்பட்டு சரசரக்க அரியணை ஏறிய அரசியின் விழிகளில் மின்னல் தெறித்தது.” முதல் அத்தியாயத்தில் இன்னொன்று: “அளத்துக்கு இறங்குமுன் அலரியின் அம்மா கால் வெடிப்புகளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டாள். அப்படியும் முதல் பாத்தியில் கால் வைத்ததும் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தாள்.” முதல் வரி வாரப் பத்திரிகைச் சரித்திரத் தொடர்களிலிருந்து உங்கள் கைக்கு வந்தது. நாம் எல்லோரும் அந்த அரண்மனைகளில்தான் வளர்ந்தோம், அதில் தப்பில்லை. இரண்டாவது வரி உங்கள் ஊரிலிருந்து வந்தது. அந்த அத்தியாயத்தில் நீங்கள் அனுப்பிய பக்கங்களில் மாயம் என்று எதுவுமே நடக்கவில்லை. ஆனாலும் அந்த நாட்டை நான் நம்பிவிட்டேன், ஏனென்றால் அந்தம்மா கண்ணை மூடித் திறந்தாள். மாயம் அப்புறம் வந்தால் அதையும் நம்புவேன். வாசகர் டிராகனை நம்புவதும் நம்பாததும், டிராகன் வருவதற்கு முன்னால் கால் வெடிப்பை நம்பினாரா என்பதைப் பொறுத்தது.

நீங்கள் இழந்ததாக நினைக்கும் நடை அந்த முதல் வரியின் நடை. அது இரவல். இரண்டாவது இன்னும் உங்களிடம் இருக்கிறது, முன்னைவிடப் பழுத்தே இருக்கும். பேச்சிலும் இதையே பாருங்கள்: அரண்மனையில் எல்லோரும் மேடை நாடகம்போலப் பேசுகிறார்கள், அளத்தில் எல்லோரும் மனிதர்களாகப் பேசுகிறார்கள். அரண்மனை ஆட்களையும் அளத்துப் பேச்சுக்கு இறக்குங்கள். அரசிக்கும் வயிறு பசிக்கும்.

வேலை முறை பற்றி. பிரிண்ட் எடுத்த அத்தியாயங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாக, ஒரே மூச்சில் படியுங்கள். பேனா தொடாதீர்கள். மறுபடி படிக்கும்போது ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, கதை வாசகருக்குக் கொடுத்திருக்கும் வாக்குகளை மட்டும் எழுதுங்கள். அதாவது இந்த உலகத்தில் எது நடக்கும், எது நடக்காது என்று தாளில் வந்துவிட்டவை. தாளில் வராதது எதுவும் உங்களைக் கட்டுப்படுத்தாது, அது பழைய குறிப்பில் எவ்வளவு அழகாக இருந்திருந்தாலும் சரி.

இந்தப் பேரேடு எவ்வளவு உபயோகப்படும் என்பதற்கு ஓர் உதாரணம். ‘ஒருவர் கையால் உப்புப் போட்ட சோறு’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்காரர் பெயர் அதில் இல்லை, சோற்றுக்குக் காசு கொடுத்தவர் பெயரும் இல்லை. கை என்று இருக்கிறது. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று நாம் சொல்லும்போது சோறு போட்ட வீட்டைத்தான் நினைக்கிறோம். உங்கள் விதியோ சமைத்த ஆளைச் சொல்கிறது. அப்படியானால் அலரி சமையற்கட்டில் சேர்ந்து முதல் குழம்புக்கு உப்புப் போட்ட நாளிலிருந்து, மந்திரி முதல் வாயிற்காவலன் வரை யாருமே அவளிடம் பொய் சொல்ல முடியாது. அந்த நாட்டிலேயே அதிக பலம் உள்ளவள் அந்தப் பெண்தான். இது அவளுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரிந்து எழுதியதுபோல் தெரியவில்லை. ஏனென்றால் பதினோராம் அத்தியாயத்தில் தலைமைச் சமையற்காரர் அவளிடம் கிடங்குச் சாவி தொலைந்துவிட்டது என்று பொய் சொல்கிறார். அதைப் பிழை என்று திருத்தலாம். இல்லையென்றால், அந்தக் கிழவர் இத்தனை நாளும் அவள் சமைத்ததை வாயில் வைக்கவே இல்லை, வேண்டுமென்றே வைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. அப்புறம் அரசி ஏன் உப்பில்லாமல் இருக்கிறாள் என்பதை அவர் அறிவார் என்றும் ஆகிறது.

முதலிலிருந்தா, விட்ட இடத்திலிருந்தா என்றால், விட்ட இடத்திலிருந்து. முதல் பதினொன்றில் இப்போது கை வைக்காதீர்கள். திரும்பி வருகிறவர்கள் முதல் அத்தியாயத்தை மெருகேற்றத் தொடங்கினால் வருடக்கணக்கில் அதையே மெருகேற்றிக்கொண்டிருப்பார்கள். முதல் முப்பது பக்கம் கண்ணாடிபோல மின்னும், மிச்சக் கதை பிறக்கவே பிறக்காது. பன்னிரண்டாவதை எழுதும்போது அரசி மாறிவிட்டால், முன்பக்கங்களில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று நோட்டின் கடைசித் தாளில் குறித்துக்கொண்டு, மாற்றிவிட்டதாகவே பாவித்து மேலே போங்கள். மாற்றுவதெல்லாம் கதை முடிந்த பிறகு.

நாவலே இப்போது பெரிய பாரமாகத் தெரிந்தால் ஒரு குட்டிக் கதையிலிருந்து தொடங்கலாம். விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கும் அமைப்பு நமக்கெல்லாம் பழக்கம். ஒவ்வொரு கதையும் தனக்குள் முடிந்துவிடும், கேள்வியோடு நிற்கும், வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும். இரவில் ஒரு மணி நேரம் மட்டும் கிடைக்கிறவருக்கு இதைவிடத் தோதான வடிவம் இல்லை. உங்கள் உப்பு நாட்டுக் கிழவிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை ஒன்றை எழுதுங்கள். மாமியார் கையால் தின்ன மறுத்த மருமகள் கதை, தன் சோற்றுக்குத் தானே உப்புப் போட்டுக்கொண்டதால் தனக்கே பொய் சொல்லிக்கொள்ள முடியாமல் போனவன் கதை. நாவலில் சேராவிட்டாலும் பாதகமில்லை, அந்த நாட்டுக் காற்று உங்களுக்குத் திரும்பப் பழகும். லெ குவினின் எர்த்சீயும் 1964இல் வந்த இரண்டு சிறுகதைகளில்தான் முளைத்தது.

சூசன்னா கிளார்க்கின் முதல் நாவல் 2004இல் வந்தது, கிட்டத்தட்ட 800 பக்கம். அதன் பிறகு தீராத சோர்வு நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. அந்த நாவலின் தொடர்ச்சியை எழுதத் தெம்பில்லாதபோது, ஆட்கள் அதிகமில்லாத, ஒரே ஒரு முடிவற்ற வீட்டுக்குள் நடக்கும் பழைய யோசனை ஒன்றை எடுத்தார். அதுதான் 2020இல் வந்த ‘பிரனேசி’, அடுத்த வருடம் பெண்களுக்கான புனைகதைப் பரிசு பெற்றது. உடம்பும் நேரமும் எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அந்த அளவுக்கு ஒரு கதையை அவர் எடுத்துக்கொண்டார். அதில் குறைவாக எதுவும் இல்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் இத்தனை வார்த்தை என்று இலக்கு வைக்காதீர்கள். எழுந்திருக்கும் முன் மட்டும் நோட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள்: அலரி இப்போது எங்கே நிற்கிறாள், அடுத்து யார் வாய் திறக்கப் போகிறார்கள். இல்லாவிட்டால் மறுநாள் அந்த நாட்டுக்குள் நுழையவே நாற்பது நிமிடம் போய்விடும். நீங்கள் வங்கியில் இருப்பதால் இன்னொன்று: மார்ச் மாதத்தில் தொடங்காதீர்கள். கணக்கு முடிக்கும் நாட்களில் தொடங்கி, முதல் வாரமே நின்று, மனம் விட்டுப்போக வேண்டாம்.

வீட்டில் கேட்பவர்களுக்கு: டோல்கீன் அந்த நாவலைத் தொடங்கியபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது, முதல் பாகம் 1954இல் வந்தபோது அறுபத்திரண்டு. கிளார்க்கின் முதல் நாவல் வந்தபோது அவருக்கு நாற்பத்து நாலு. ‘டெஹானு’ வந்தபோது லெ குவினுக்கு அறுபது. இவ்வளவு போதும், இதற்கு மேல் யாரிடமும் வாதாட வேண்டாம்.

உங்கள் தோழியைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. டோல்கீன் 1944இல் மறுபடி சிக்கிக் கிடந்தபோது, மோர்டோர் என்ற எதிரி நாட்டுக்குப் போகும் பயணத்தைப் பற்றிய அத்தியாயங்களைத் தன்னைக் கட்டாயப்படுத்தித்தான் எழுத உட்கார்ந்தார். எழுத எழுத, விமானப் படையில் சேர்ந்து தென்னாப்பிரிக்காவில் இருந்த மகன் கிறிஸ்டோபருக்குத் தொடர்கதைபோல அனுப்பினார். ஒரே ஒரு வாசகர், அடுத்தது எப்போது என்று கேட்கும் வாசகர். ஏழு வருடம் கழித்தும் அலரியை மறக்காத ஒருத்தி உங்களுக்கு வாய்த்திருக்கிறாள். பன்னிரண்டாம் அத்தியாயத்தைப் பாதி எழுதியதும் அனுப்பிவிடுங்கள். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்காதீர்கள், நட்புக்காக நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லுவாள். ‘எந்த இடத்தில் வேகமாகப் புரட்டினாய்?’ என்று கேளுங்கள். பதில் உண்மையாக வரும்.

பதிப்பகத்துக்கு இப்போது அனுப்ப வேண்டாம். பாதி நாவலுக்குப் பெரும்பாலும் பதில் வராது. வந்தாலும் நீங்கள் தாண்டிவிட்ட பழைய அரசியைப் பற்றிய கருத்தாகத்தான் இருக்கும், அது உங்களைத் திரும்பவும் பின்னால் இழுக்கும். கதை முழுதும் முடிந்து, ஒரு தடவை திருத்தியான பிறகு, முதல் மூன்று அத்தியாயங்களோடு முடிவு உட்பட மொத்தக் கதையையும் ஒரு பக்கத்தில் சுருக்கி அனுப்புங்கள். முடிவை மறைத்து ஆவலைத் தூண்டலாம் என்று நினைக்காதீர்கள். அரசி கடைசியில் அந்தச் சோற்றைத் தின்றாளா இல்லையா என்பது பதிப்பாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.